துப்பாக்கி எங்கே இருந்தது?

பள்ளிக்கூட ஆண்டு விழாக்களில் வாஞ்சிநாதன் வேஷம் போடும் பையன்களைப் பார்த்திருப்பீர்கள். பஞ்சகச்சம், ஒட்டுக் குடுமி, இடுப்பில் இறுக்கிக் கட்டிய சிவப்புத் துணி, அதில் செருகிய பொம்மைத் துப்பாக்கி. கடைசி வரிசைப் பாட்டிக்கும் தெரியணுமே! 1911 ஜூன் 17-ம் தேதி காலையில் இப்படி ஒரு ஆசாமி மணியாச்சி ஜங்ஷனில் நடந்து வந்திருந்தால், கலெக்டர் ஆஷ் உட்கார்ந்திருந்த பெட்டிக்குப் பத்தடி முன்னாலேயே அமுக்கியிருப்பார்கள்.

கோளாறு மேடையோடு நிற்கவில்லை. வாஞ்சியைப் பற்றி எழுதுகிற நம்மவர்கள் வீரத்துக்குப் பத்துப் பக்கம் ஒதுக்குவார்கள், உடுப்புக்கு ஒரு வரி கொடுக்க மாட்டார்கள். நான் படித்தது பி.காம். சரக்கு எங்கே புறப்பட்டது, எதில் போனது என்று தெரியாவிட்டால் எனக்குக் கணக்கு டேலி ஆகாது.

புறப்பட்ட இடம் புதுச்சேரி. கருவடிக்குப்பம் என்றதும் குயில் தோப்பு ஞாபகம் வரும், சித்தானந்த சுவாமி கோயில் ஞாபகம் வரும். பாரதியாரின் குயில் பாட்டு பிறந்த இடம் என்று கூட்டிப்போய்க் காட்டுவார்கள். வ.வே.சு. ஐயர் வாஞ்சிக்குச் சுடக் கற்றுக்கொடுத்ததும் இதே கருவடிக்குப்பத்துப் பக்கம்தான் என்கின்றன சுதந்திரப் போராட்ட வரலாறுகள். (சில புத்தகங்களில் ‘கரடிக்குப்பம்’ என்று அச்சாகியிருக்கும். கரடியைத் தேடாதீர்கள்.) பிரெஞ்சு மண் என்பதால் பிரிட்டிஷ் போலீஸ் அங்கே கைது செய்ய முடியாது, வேவுதான் பார்க்கலாம். டவுனுக்குள் தெருவுக்குத் தெரு ஒற்றர்கள். ஊருக்கு வெளியே தோப்புத் தேடிப் போனதில் ஆச்சரியமில்லை.

ஐயர் லேசுப்பட்டவரா? லண்டனில் பாரிஸ்டருக்குப் படிக்கப் போனவர், 1910-ல் போலீஸ் கண்ணில் மண்ணைத் தூவி, முஸ்லிம் வேடத்தில் புதுச்சேரிக்கு வந்து இறங்கினார். போலீஸ்காரன் முதலில் பார்ப்பது துணியை, அப்புறம்தான் ஆளை என்பதை அனுபவத்தில் கண்டவர்தான் வாஞ்சிக்கு வாத்தியார்.

துப்பாக்கி, பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங். ரிவால்வர் மாதிரி நடுவில் உருளை புடைத்துக்கொண்டு இருக்காது, தட்டையானது. மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். இந்தக் கனம் வெளியே தெரியாத கனம்.

மணியாச்சியில் என்ன நடந்தது? ஆஷும் அவர் மனைவியும் கொடைக்கானல் போகிற வழியில் ரயில் பெட்டியில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் வேட்டி கட்டிய இளைஞர். இன்னொருவர் குடுமியோடு, நேர்த்தியாக உடுத்தியிருந்தார். அவர்தான் வாஞ்சி, வயது 25. யாரும் தடுக்கவில்லை. பெட்டிக்குள் ஏறி, எடுத்து, சுட்டார்.

சட்டைப்பையா, மடியா என்பதைவிட அந்த ‘நேர்த்தியாக’ என்கிற வார்த்தையில்தான் விஷயம் இருக்கிறது. வாஞ்சி, திருவிதாங்கூர் புனலூரில் வனத்துறை உத்தியோகஸ்தர். அவர் வேஷமே போடவில்லை! தான் யாரோ, அப்படியே உடுத்திக்கொண்டு வந்தார்.

1932 பிப்ரவரி 6-ம் தேதி கல்கத்தாவிலும் இதே கதைதான். பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில் கவர்னர் ஸ்டான்லி ஜாக்சனை நோக்கிச் சுட்டார் பீனா தாஸ். குறி தப்பியது. ரிவால்வர் இருந்தது பட்டமளிப்பு அங்கிக்குள். பட்டம் வாங்க வந்த பெண் அங்கி போட்டிருந்தால் யாருக்குச் சந்தேகம் வரும்?

அமெரிக்காவில் துப்பாக்கியை மறைத்து வைப்பதற்கென்றே தைத்த சட்டை, பேன்ட், கைப்பையெல்லாம் கடையில் கிடைக்கிறது. பையின் ஆழத்தையும் துணியின் கனத்தையும் விலாவாரியாக விளம்பரம் செய்கிறார்கள். என்னைக் கேட்டால், அது தையல்காரர் சாமர்த்தியம், அவ்வளவுதான். துணி முதலில் மறைப்பது ஆளை. இரும்பை மறைப்பது அப்புறம்.

நம் வீரவணக்கக் கட்டுரைகள் நழுவுகிற இடமும் இதுதான். வாஞ்சியின் துணிச்சலில் எனக்கு இம்மியும் சந்தேகமில்லை. பிளாட்பாரத்தில் ஓடி, கழிப்பறைக்குள் புகுந்து, தன்னையே சுட்டுக்கொண்டு செத்தவர். ஆனால் அதே காலையில், அதே பெட்டியை நோக்கி, தூத்துக்குடி மில் தொழிலாளி ஒருவர் அழுக்குத் துண்டோடு நடந்திருந்தால்? “ஏலே, எங்க போற?” என்று ஒரு குரலாவது கேட்டிருக்காதா? குடுமிக்கும் சலவைத் துணிக்கும் அந்தக் கேள்வி கிடையாது. வாஞ்சியை அந்தப் பெட்டிவரை கொண்டுபோய்விட்டதில் அவர் பிறந்த ஜாதிக்கும் ஒரு பங்கு உண்டு. இதை எழுதினால் தியாகத்தைக் குறைத்த மாதிரி ஆகிவிடும் என்று பயப்படுகிறார்கள். எப்படிக் குறையும்?

பயப்படாமல் படிக்க வேண்டிய சாட்சியம் ஒன்று அவர் பையிலேயே கிடைத்தது. சனாதன தர்மத்தைப் பற்றிப் பேசும் அந்தக் கடிதம், முடிசூடவிருந்த ஜார்ஜ் மன்னரை வசைச் சொல் சொல்லித்தான் இழித்துரைக்கிறது. பாராட்டுவிழா மேடைகளில் இந்தக் கடிதத்தை வாசிக்கிறவர்கள், அந்த வார்த்தை வரும் இடத்தில் மட்டும் தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள்.