ஆடும் உடலும் தன்மை இடமும்: ‘வெரோனிக் துவானோ’ தனியாடல் குறித்து ஒரு மதிப்பீடு

நடனத் திறனாய்வில் ‘உடல்மொழி’ என்னும் தொடர் மிகுதியாக வழங்குகிறது. ஆயினும் மொழியின் எக்கூறுகள் உடலுக்கு உண்டு, எவை இல்லை என்பதை அத்தொடரைக் கையாள்வோர் பெரும்பாலும் வரையறுப்பதில்லை. ஆடும் உடலுக்குத் தன்மை, முன்னிலை, படர்க்கை என்னும் இடப் பாகுபாடு உண்டா என்பது அவ்வாறு வரையறுக்க வேண்டியவற்றுள் ஒன்று. பிரெஞ்சு நடன அமைப்பாளர் ஜெரோம் பெல், பாரிசு ஓப்பெராவுக்காக 2004இல் உருவாக்கிய ‘வெரோனிக் துவானோ’ என்னும் தனியாடல் இவ்வினாவை மேடையிலேயே எழுப்புகிறது. மறு ஆண்டில் அது திரைப்பட வடிவமும் பெற்றது. அவ்வாக்கத்தை மொழியியல் நோக்கிலும் மொழிபெயர்ப்பு நோக்கிலும் மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. ஆக்கத்தின் அமைப்பு

கார்னியே அரங்கின் பெருமேடை வெறுமையாக இருக்கிறது. பயிற்சி உடையில் ஒரு பெண் தனியே வருகிறார். காதோடு பொருத்திய ஒலிவாங்கி வழியே தம் பெயரைக் கூறுகிறார். தமக்கு 42 வயது என்றும், எட்டு நாட்களில் ஓய்வு பெறவிருப்பதாகவும் தெரிவிக்கிறார். தம் ஊதியத்தையும் மறைப்பதில்லை. இருபதாம் வயதில் முதுகில் அறுவைச் சிகிச்சை நடந்ததையும், தாம் முதன்மைக் கலைஞர் ஆகாமற் போனதற்குத் திறன் போதாமையும் உடல் மென்மையும் காரணமாகலாம் என்பதையும் உணர்ச்சி ஏற்றாத குரலில் சொல்கிறார். இடையிடையே, தாம் ஆடியவற்றிலிருந்தும் ஆட விரும்பியவற்றிலிருந்தும் சில பகுதிகளை ஆடிக் காட்டுகிறார். ‘ஜிசேல்’ பகுதிக்கு இசைக்குழு இல்லை. அவரே இசையை முணுமுணுத்துக்கொண்டு ஆடுகிறார்.

செவ்வியல் பாலே மூச்சை மறைக்கும் கலை. உழைப்பு புலப்படாதவாறு உடல் எடையற்றதாகத் தோன்ற வேண்டும். இங்கோ ஒலிவாங்கி மூச்சிரைப்பை அரங்கின் கடைசி வரிசை வரை கொண்டுசெல்கிறது. தமிழில் ‘மெய்’ என்னும் ஒரு சொல் உடலையும் உண்மையையும் ஒற்றெழுத்தையும் சுட்டும். இப்பெண்ணின் உடல் முதன்முறையாகக் குரலோடு சேர்ந்து ஒலிக்கும் அக்கணத்தில் அம்மூன்று பொருளும் ஒருங்கே நினைவுக்கு வருவது தமிழ் வாசகர்க்கு இயல்பே.

2. ‘சுஜே’ என்னும் சொல்

பாரிசு ஓப்பெரா பாலேயில் ஐந்து படிநிலைகள் உள்ளன. துவானோ நடுப்படியில் நின்றவர். அப்படியின் பெயர் ‘சுஜே’. இந்நிலையில் உள்ளோர் கூட்டத்தோடும் ஆடுவர். சிறு தனிப் பாத்திரங்களையும் ஏற்பர். பிரெஞ்சில் இச்சொல் இலக்கண எழுவாயையும், பேசுபொருளையும், அரசனுக்கு உட்பட்ட குடியையும் குறிக்கும். தம் படிநிலையைச் சொல்லும்போதே இவர் ஆக்கத்தின் எழுவாயாகவும் பொருளாகவும் ஒரு நிறுவனத்துக்கு உட்பட்டவராகவும் நிற்கிறார்.

தமிழில் இவை அனைத்தையும் தாங்கும் ஒரு சொல் இல்லை. ‘நடுநிலைக் கலைஞர்’ என்று பெயர்த்தால் பதவி மட்டுமே எஞ்சும். ‘எழுவாய்’ என்றால் பதவி மறையும். ஆகவே ‘சுஜே’ என்பதை ஒலிபெயர்த்து நிறுத்திக்கொண்டு, பொருளை முன்னுரையில் விளக்குவதே பொருத்தமானது என்பது நம் கருத்து.

3. நாமா, நாங்களா?

ஆக்கத்தின் உச்சம் ‘அன்ன ஏரி’ப் பகுதி. 32 பெண்கள் சேர்ந்து ஆடும் அக்காட்சியில், முதன்மைக் கலைஞர்கள் ஆடும்பொழுது மற்றவர் நெடுநேரம் அசையாது நிற்க வேண்டும். அப்போது தாங்கள் மனித அலங்காரம் ஆகிவிடுவதாகவும், தமக்குக் கூச்சலிடவோ மேடையை விட்டு அகலவோ தோன்றும் என்றும் துவானோ கூறுகிறார். பின்னர் இசையை ஒலிக்கச் செய்யுமாறு ஒலிக்கலைஞரைக் கேட்டு, அதே பகுதியைத் தனியே ஆடுகிறார். மற்ற அன்னங்களும் இல்லை. முதன்மைக் கலைஞர்களும் இல்லை. ஒரு பெண் கைகளைக் குறுக்கே வைத்து நிற்கிறார், இசை ஓடிக்கொண்டேயிருக்கிறது.

இங்கு அவர் பயன்படுத்தும் பிரெஞ்சுத் தன்மைப் பன்மை கேட்போரை உளப்படுத்துகிறதா இல்லையா என்பதை அம்மொழி வெளிப்படையாகக் காட்டுவதில்லை. தமிழ் காட்டியே ஆகவேண்டும். சூழல் ‘நாங்கள்’ என்பதையே வேண்டுகிறது. அரங்கில் அமர்ந்திருப்போர் அலங்காரமானவர் அல்லர், அதைக் கண்டு மகிழ்ந்தோர். எனவே தமிழ்ப் பெயர்ப்பு மூலத்தில் அமைதியாக உள்ள ஒரு பிரிவினையை வெளிப்படையாக்கும். இதனை இழப்பாகக் கருத வேண்டியதில்லை. மேடை செய்யும் பிரிவினையைத் தமிழ் இலக்கணம் சொல்லிவிடுகிறது.

தனியே ஆடப்படும் கூட்ட நடனம் மற்றொன்றையும் காட்டுகிறது. உடலசைவில் ஒருமை பன்மை விகுதி இல்லை. முப்பத்திரண்டு பேரில் ஒருவராக ஆடியபோதும், தனியே ஆடும்போதும் அசைவுகள் அவையே. எண்ணும் இடமும் சூழலால் மட்டுமே அமைகின்றன. ‘உடல்மொழி’ என்னும் உவமையின் எல்லை இதுவே எனலாம்.

4. எவர் கூற்று?

‘நான்’ என்பது அச்சொல்லை அப்போது சொல்பவரையே குறிக்கும் என்று எமில் பென்வெனிஸ்த் 1956இல் வெளியிட்ட கட்டுரையில் விளக்கினார். அவ்விளக்கத்தின்படி மேடையில் ஒலிக்கும் ‘நான்’ துவானோவையே சுட்டும். ஆனால் ஆக்கத்தின் ஆசிரியராக அறியப்படுபவர் பெல்; நடனக் கலைஞரின் பெயர் தலைப்பாக உள்ளது. பின்னர் இதே முறையில் ‘செத்ரிக் ஆந்திரியோ’ (2009) முதலிய ஆக்கங்களையும் அவர் படைத்தார். பல உடல்கள் ஒரே வடிவத்தில் தம் கதையைச் சொல்லும்போது, அவ்வடிவம் எவருடைய குரல் என்னும் ஐயம் எழுவது நியாயமே. கூட்டத்தில் கரைந்த ஒருவருக்குப் பெயர் தந்த ஆக்கம், அப்பெயரைத் தன் தலைப்பாக்கிக் கொண்டது என்னும் முரண் தீரவில்லை.

எனினும் அம்முரண் ஆக்கத்தின் மதிப்பைக் குறைத்துவிடவில்லை. சொற்களைப் பெல் ஒழுங்கு செய்திருக்கலாம். மூச்சிரைப்பையும், அசையாது நிற்கையில் காலில் ஏறும் வலியையும் ஒழுங்கு செய்தல் எவர்க்கும் இயலாது. ஓய்வுக்கு எட்டு நாட்கள் உள்ளன என்னும் கூற்று, படத்தில் காணும் இன்றைய பார்வையாளர்க்குக் காலஞ்சென்ற கூற்று. அதைச் சொன்ன உடல் அம்மேடையை விட்டு நீங்கி இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. துணைத்தலைப்பு எழுதுவோர் அங்கு நிகழ்காலத்தை மாற்றாது, இரக்கச் சொல் எதனையும் சேர்க்காது, திறன் போதாமையை அவர் சொன்ன அளவிலேயே சொல்லிச் செல்வது கடமையாகும். பிறர் உணர்ச்சிகளையே ஆடிவந்த உடல் ஒரு முறை தன்னைப் பற்றிப் பேசியிருக்கிறது. அதன்மேல் நம் உணர்ச்சியை ஏற்றுவது அதனை மீண்டும் அலங்காரமாக்குவதேயாம்.