துளியின் விளிம்பும் துளிக்குள் பனையும்

விழும் நீர்த்துளியைப் படமெடுப்பது எப்படி என்று சொல்லித்தரும் காணொளிகள் ஏராளம். எல்லாவற்றிலும் பிளாஷ் பற்றிப் பத்து நிமிடம், டைமர் கருவி பற்றிப் பத்து நிமிடம் பேசுவார்கள். ஃபோகஸுக்கு ஒரே வரிதான். துளி விழும் இடத்தில் ஒரு ஆணியை நிறுத்து, அதில் ஃபோகஸ் பண்ணு, மேனுவலில் பூட்டு, ஆணியை எடுத்துவிடு. எனக்குச் சண்டை அந்த ஒரு வரியோடுதான். இணையத்தில் கிடைக்கும் துளிப் படங்கள் ஏன் ஒன்றுபோலவே இருக்கின்றன, ஏன் ஒன்றைக்கூட இரண்டாம் தடவை பார்க்கத் தோன்றுவதில்லை என்பதற்கான காரணம் அந்த ஆணியில் இருக்கிறது.

ஆணி தேவையில்லை என்று சொல்லவில்லை. 30 செ.மீ. உயரத்திலிருந்து விழும் துளி கீழே வரும்போது நொடிக்கு 2.4 மீட்டர் வேகத்தில் வரும். 5 செ.மீ. உயரச் சட்டகத்தை அது கடக்க ஆகும் நேரம் நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு. ஆட்டோஃபோகஸ் முழித்துப் பார்ப்பதற்குள் துளி தரையில். போதாததற்கு அது கண்ணாடி மாதிரி வேறு. கேமரா அதை விட்டுவிட்டுப் பின்னாலிருக்கும் சுவரைப் பிடித்துக்கொள்ளும். நமக்குச் சாதகமாக ஒன்று உண்டு. கேமராவைச் சாய்க்காமல் கிடைமட்டமாக வைத்தால், துளி விழ விழ ஃபோகஸ் தளத்தை விட்டு விலகுவதில்லை. ஒரே தளம், செங்குத்தாக, மெல்லிய சுவர் போல. எவ்வளவு மெல்லியது? மேக்ரோ லென்ஸில் பொருளின் பாதி அளவுக்கு பிம்பம் விழும்படி வைத்து, எஃப் 8இல் எடுத்தால், ஃபுல் ஃபிரேம் கேமராவில் சுமார் 3 மி.மீ. துளியின் விட்டமே கிட்டத்தட்ட 5 மி.மீ. இருக்கும்.

(படம் மங்கினால் எல்லோரும் ஃபோகஸைத் திட்டுகிறார்கள். பாதி நேரம் குற்றவாளி அசைவுதான். 1/200 நொடியில் அந்தத் துளி 12 மி.மீ. இறங்கிவிடுகிறது. மேலும் கீழுமாக இழுபட்டிருந்தால் அசைவு. எல்லாப் பக்கமும் சமமாகக் கரைந்திருந்தால் ஃபோகஸ்.)

ஆக, துளி வருவதற்கு முன்பே, இல்லாத துளியின்மேல் ஃபோகஸ் செய்துவிடுகிறோம். துளியில் எதைப் பார்க்கப்போகிறோம் என்ற முடிவையும் அப்போதே எடுத்தாகிவிட்டது. ஆணிக்கு உள்ளே ஒன்றும் கிடையாது, விளிம்பு மட்டும்தான். ஆணியில் ஃபோகஸ் செய்தவனுக்குத் துளியின் விளிம்பு கிடைக்கும்.

இந்த விளிம்பு மோகத்துக்கு ஒரு வரலாறு உண்டு. ஆங்கிலேய இயற்பியலாளர் ஆர்தர் வொர்திங்டன் துளிகள் சிதறுவதைப் பல வருடம் இருட்டறையில் ஒரு மின்பொறி வெளிச்சத்தில் பார்த்து, கண்ணில் தங்கிய பிம்பத்தைக் கையால் வரைந்தார். வரைந்ததெல்லாம் அழகான, எல்லாப் பக்கமும் சமமான மகுடங்கள். 1894இல் புகைப்படம் எடுக்க முடிந்தபோது பார்த்தால், நிஜச் சிதறல்கள் கோணல்மாணல். அறிவியல் வரலாற்றாசிரியர்கள் டாஸ்டனும் கேலிசனும் தங்கள் ‘ஆப்ஜெக்டிவிட்டி’ நூலை இந்தக் கதையோடுதான் தொடங்குகிறார்கள். அப்புறம் எம்.ஐ.டி. மின்பொறியியல் பேராசிரியர் ஹெரால்டு எட்ஜெர்டன். அவருடைய 1957ஆம் வருடத்துப் பால்துளி மகுடத்தைப் பள்ளிப் பாடப்புத்தகம் முதல் சுவரொட்டி வரை எங்காவது பார்த்திருப்பீர்கள். சிவப்புப் பின்னணி, வெள்ளை மகுடம், மேலே இன்னொரு துளி.

மகத்தான படம்தான், மறுக்கவில்லை. ஆனால் அது பால். பாலுக்குள் பார்க்க எதுவும் இல்லை, வெளிச்சம் ஊடுருவாது. வடிவம் முழுக்க வெளியில் இருக்கிறது, அதைக் கூர்மையாகப் பிடித்தால் வேலை முடிந்தது. நம் இன்ஸ்டாகிராம் துளிக்காரர்கள் எட்ஜெர்டனின் கூர்மையைத் தண்ணீருக்குக் கொண்டுவந்து, அதில் நீலமும் சிவப்புமாகச் சாயம் கலந்து, அதையும் பாலாக்கிவிட்டார்கள். தண்ணீர் எடுத்த படத்தில் தண்ணீரின் குணமே இல்லை.

தண்ணீரின் குணம் என்ன? துளி ஒரு லென்ஸ். தொலைவில் நிற்கும் எதையும் தலைகீழாக்கிக் காட்டும். அந்தத் தலைகீழ்க் காட்சி எங்கே உருவாகிறது என்று காகிதத்தில் போட்டுப் பார்த்தால் சுவாரசியம். நீரின் ஒளிவிலகல் எண் 1.33 என்று வைத்தால், கோளத்துளியின் மையத்திலிருந்து ஏறத்தாழ இரண்டு ஆரம் தள்ளி, கேமராவின் பக்கம் விழும். அதாவது துளிக்குள்ளேயே இல்லை, துளிக்கு முன்னால் வெறுங்காற்றில்! 5 மி.மீ. துளிக்கு அது மையத்திலிருந்து 5 மி.மீ. முன்னால். நம் ஃபோகஸ் சுவரோ 3 மி.மீ. தடிமன். விளிம்பைப் பிடித்தால் காட்சி கலங்கும், காட்சியைப் பிடித்தால் விளிம்பு இளகும். எஃப் 16 வைத்து நடுவில் எங்கோ ஃபோகஸ் செய்தால் இரண்டும் தேறிவிடும். இரண்டுமே பளிச்சென்று இருக்காது. தேர்வில் பாஸ் மார்க் வாங்குவது மாதிரி. நிறையப் படங்கள் இந்த ரகம்.

திருவள்ளுவமாலையில் கபிலர் பெயரில் ஒரு வெண்பா உண்டு. புல்நுனியில் தினையளவுகூட இல்லாத நீர்த்துளி நெடிய பனையைக் காட்டுவதைக் குறளுக்கு உவமையாகச் சொல்வது. பள்ளியில் மதிப்பெண்ணுக்காக ஒப்பித்த பாட்டு. துளியின் வடிவத்தைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. துளி எவ்வளவு சின்னது, எதைக் காட்டுகிறது, அவ்வளவுதான். அந்தக் கவிஞரின் கண் விளிம்பில் நிற்கவே இல்லை. துளியைத் தாண்டியும் போகவில்லை, திரும்பி நிஜப் பனையைப் பார்க்கவில்லை. சரியாக அந்த 5 மி.மீ. முன்னால் நின்றிருக்கிறது.

அன்னவாசலில் பனைக்குப் பஞ்சமில்லை. கல்யாண வீடுகளுக்குப் படமெடுக்கும் என் பள்ளித் தோழனிடம் இந்தக் கணக்கைச் சொன்னபோது முழுசாகக் கேட்டுவிட்டு, “மாப்ள, ஆணிய ஏன்டா வைக்கிற? விழப்போற துளி அங்கனதான தொங்குது, அதுலயே பாத்துக்க” என்றான். அதுதான் சரி. குளுக்கோஸ் ஏற்றும் டியூபை ஸ்டாண்டில் கட்டி, சக்கரத்தை இறுக்கி, துளி தொங்கிக்கொண்டிருக்கும்போதே திரையைப் பத்து மடங்கு பெரிதாக்கி, அதில் பனையோலை தெளியும்வரை கேமராவை மில்லிமீட்டர் மில்லிமீட்டராகப் பின்னால் இழுத்தோம். தொங்கும் துளி முழுக்கோளம் இல்லை என்பதால், விழுந்தபின் ஒரு நூலளவு திருத்தம் தேவைப்பட்டது. பின்னணியில் பனை வேண்டுமென்றால் பிளாஷ் உதவாது, வெயில்தான் விளக்கு. துளி கழன்று 2 செ.மீ. இறங்கியதுமே, வேகம் பிடிப்பதற்கு முன், 1/8000 நொடியில் எடுக்கவேண்டும். ஐஎஸ்ஓ 4000, படமெங்கும் மணல் தூவினாற்போல் நாய்ஸ்.

காலையில் நூற்றுச் சொச்சம் எடுத்ததில் நான்கு தேறின. ஒன்றில், 30 மீட்டர் தள்ளி நிற்கும் பனை, துளியில் பாதி உயரத்துக்கு, 2.5 மி.மீ. அளவில் தலைகீழாகத் தொங்குகிறது. ஓலைகள் எண்ணும்படி. சுற்றிலும் துளியின் ஓரம் இளகிப் பின்னணியோடு கலந்துவிட்டது. புகைப்படக் குழு ஒன்றில் போட்டதும் வந்த முதல் பதில்: ‘விளிம்பு ஷார்ப் இல்லை, அடுத்த முறை ஆணி வைத்துப் பாருங்கள்.’ பனையை அவர் கவனிக்கவே இல்லை.

எங்கள் பக்கத்திலேயே சித்தன்னவாசல் இருக்கிறது. அறிவர் கோயில் விதானத்தில் தாமரைக் குளம். மீன், யானை, எருமை, பூப்பறிக்கும் ஆட்கள் எல்லாம் ஒரே தெளிவில், முன்னே பின்னே என்ற வித்தியாசம் இல்லாமல். 9ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்தது என்பார்கள். தூரிகைக்காரருக்கு ஃபோகஸ் தளம் என்ற தொல்லையே இல்லை. கேமராக்காரருக்கு அந்தச் சலுகை கிடையாது. அசையாத பொருளென்றால் பல ஃபோகஸில் பல படமெடுத்து ஒட்டிக்கொள்ளலாம், விழும் துளி ஒருமுறைதான் விழும். 3 மி.மீ.யை எங்கே வைப்பது என்று தேர்ந்தெடுத்தே ஆகவேண்டும். துளிப் படம் ஒன்றை யாராவது காட்டும்போது இப்போதெல்லாம் நான் முதலில் தேடுவது அதைத்தான். எட்ஜெர்டனின் பாலுக்கு விளிம்பு போதும். தண்ணீரைக் காட்டி விளிம்பை மட்டும் நீட்டினால், உள்ளே என்ன தெரிந்தது என்று கேட்டுவிடுகிறேன்.