பசித்தவர் போரும் தலைவர் புகழும்

உள்நாட்டுப் போரைப் பொருளாகக் கொண்ட நாவலை மதிப்பிடுகையில் நாம் முதலிற் கேட்கவேண்டியது, ஆசிரியர் எக்கட்சியைச் சார்ந்தவர் என்பதன்று. அப்போரின் சுமையைத் தாங்கிய மக்கள் நூலில் எவ்விடத்தைப் பெறுகின்றனர் என்பதேயாகும். அலெக்ஸி தோல்ஸ்தோய் (லியோ தோல்ஸ்தோய் அல்லர்) எழுதி 1937இல் வெளிவந்த 'ரொட்டி' என்னும் ருஷ்ய நாவலை இக்கேள்வியோடு அணுகுவோம். 1918இல் நிகழ்ந்த ஸாரிட்ஸின் நகரப் பாதுகாப்பே அதன் பொருள்.

வொல்கா நதிக்கரையில் அமைந்த அந்நகரம், வட கோக்கசியத் தானியம் நதி வழியாகவும் புகைவண்டி வழியாகவும் வடக்கே செல்வதற்கு வாயிலாயிருந்தது. உக்ரேனின் தானியமோ ஜேர்மானிய ஆக்கிரமிப்பாற் கைவிட்டுப் போயிருந்தது. கிராஸ்னொவின் டொன் கொசாக்கியர் ஸாரிட்ஸினைக் கைப்பற்றினால், மொஸ்கோ, பெத்ரோகிராட் தொழிலாளரின் பட்டினி மேலும் கடுமையாகும். ஆகவே நாவலின் பெயர் பொருத்தமானதே. பெத்ரோகிராட்டின் பசியோடு கதையைத் தொடங்கி, இவான் கோரா என்னும் தொழிலாளியை நம்முன் நிறுத்தியதும் பொருத்தமானதே.

ஆனால், கதை வளர வளர அத்தொழிலாளி பின்னொதுங்குகிறான். தானியம் திரட்ட வந்த ஸ்டாலின் தவறே இழைக்காத தலைவராக உயர்கிறார். செஞ்சேனையைக் கட்டியெழுப்பிய ட்ரொட்ஸ்கி துரோகியாக்கப்படுகிறார். வரலாறு கூறுவது வேறு. செஞ்சேனையிற் பணியாற்றிய முன்னாள் ஸார் படை அதிகாரிகளை ஸ்டாலின் ஸாரிட்ஸினிற் சிறைப்படுத்தினார். மத்திய இராணுவத் தலைமையோடு முரண்பட்டு, 1918 அக்டோபரில் திருப்பியழைக்கப்பட்டார். அம்மாதத்தில் கொசாக்கியரைப் பின்புறமிருந்து தாக்கி முற்றுகையைத் தகர்த்தது ஜ்லோபாவின் படைப்பிரிவு. நாவல் வெளிவந்த மறு ஆண்டே, ஸ்டாலின் ஆட்சியில், அந்த ஜ்லோபா சுட்டுக் கொல்லப்பட்டார். நகரும் 1919 ஜூனில் வெண்படையிடம் வீழ்ந்து, 1920 ஜனவரியிலேதான் மீட்கப்பட்டது.

'கட்சிச் சார்பு கலையைக் கெடுக்கும் என்பதற்கு இதுவே சான்று' எனத் தூய கலைவாதிகள் மகிழக்கூடும். அவர்களுக்கு நாம் செரபிமோவிச்சின் 'இரும்பு வெள்ளம்' நாவலைக் காட்டுவோம். 1924இல் வெளிவந்த அதன் ஆசிரியரும் கம்யூனிஸ்டே. எனினும், தமான் படையின் பின்வாங்கலைச் சித்திரிக்கையில் அவர் எதனையும் மறைக்கவில்லை. பசித்த, கட்டுக்கடங்காத, சூறையாடவும் துணிந்த கூட்டம் அது. துன்பத்தினூடே அது ஒரு சேனையாக உருப்பெறுகிறது. அதன் தலைவன் கொஷுக் அக்கூட்டத்தோடு சேர்ந்தே வளர்கிறான். அங்கே கதாநாயகர் மக்கள்.

ஆகவே 'ரொட்டி'யைக் கெடுத்தது சார்பு அன்று. சார்பு இடம் மாறியமையே. மக்களைச் சார்ந்து தொடங்கிய பேனா அதிகாரத்தைச் சார்ந்து முடிந்தது. நம் மாணவர் இவ்விரு நாவல்களையும் அருகருகே வைத்துப் படித்தல் வேண்டும். உண்மையை ஒளித்து மக்களுக்குத் தொண்டாற்றுதல் இயலாது என்பதை முற்போக்கு எழுத்தாளர் உணர்வதற்கு, பகைவரின் நூல்களைவிட நம்மவரின் இந்நூலே சிறந்த பாடமாகும்.