ரேடியோமாஸ்டர் பாக்கெட்: நெரிசலான வானில் நம்பிப் பறக்கலாமா?

ஆர்.சி. விமானம் விடும் மைதானத்தில் முன்பெல்லாம் முதல் கேள்வியே "நீங்க எந்த சேனல்?" என்பதுதான். 35 மெகாஹெர்ட்ஸ் காலத்தில் இருவர் ஒரே கிரிஸ்டலைப் போட்டுவிட்டால் ஏதோ ஒரு விமானம் தரையில் குத்தும். அலைவரிசை தாவும் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட்டுகள் வந்ததும் அந்தப் பயம் போனது. ஆனால் துபாய், ஷார்ஜா ஃபிளாட்டுகளின் வைஃபையும் புளூடூத்தும் அதே 2.4-இல்தான் ஓடுகின்றன. நெரிசலில் ரேடியோமாஸ்டர் பாக்கெட் என்ற இந்தச் சின்ன ரிமோட் எப்படித் தாங்குகிறது என்பதே என் கவலை.

எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ் என்ற ரேடியோ இணைப்பு முறை உள்ள மாடலைத்தான் பயன்படுத்துகிறேன். ஆண்டெனா மடங்கும், ஸ்டிக் முனைகளைக் கழற்றிப் பின்பக்கம் செருகிவிடலாம். ஸ்டிக்குகள் காந்தப்புலத்தை உணரும் ஹால் சென்சாரில் இயங்குவதால் பாலைவனத் தூசியில் உரசித் தேயும் தடம் உள்ளே இல்லை. இரண்டு 18650 பேட்டரிகளைத் தனியாக வாங்க வேண்டும்.

அதிகபட்சத் திறன் 250 மில்லிவாட். கண்ணுக்கெட்டும் தூரத்தில் பறக்கும் ஃபோம் விமானத்துக்கு இது தாராளம். நெரிசலான இடத்தில் தரவுப் பாக்கெட்டுகளை (packet) அனுப்பும் வேகத்தை 500 ஹெர்ட்ஸிலிருந்து 150 அல்லது 50-க்கு இறக்கிவிடுங்கள். வேகம் குறையக் குறைய ரிசீவர் இன்னும் மெல்லிய சிக்னலையும் பிடிக்கும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது லிங்க் குவாலிட்டி எண். அனுப்பிய நூறு தரவுப் பாக்கெட்டில் எத்தனை போய்ச் சேர்ந்தன என்று அது காட்டும். திறந்த மணல்வெளியில் விமானம் திரும்பும்போது சிக்னல் பலம் மளமளவென இறங்கினாலும் இந்த எண் நூறிலேயே நிற்கிறது, பதற வேண்டியதில்லை. குடியிருப்புகளை ஒட்டிய இடத்தில் தரையில் வைத்துப் பார்த்தால் கதை வேறு: பலம் நன்றாக இருக்கும்போதே குவாலிட்டி சரிகிறது. குறுக்கீட்டின் அடையாளம் இதுதான். அங்கே பறக்கவிடவே கூடாது. 80-க்குக் கீழே போனால் குரலில் எச்சரிக்கும்படி ரிமோட்டின் மென்பொருளான எட்ஜ்டிஎக்ஸில் அமைத்திருக்கிறேன். வானத்தைப் பார்த்துக்கொண்டே கேட்கலாம்.

குறுக்கீடு என்று பலரும் சொல்வதில் பாதி, ஆண்டெனா வைத்த கோளாறுதான். கார்பன் ஃபைபருக்கும் பேட்டரிக்கும் பின்னால் அது ஒளிந்துவிடக் கூடாது. இரட்டை ஆண்டெனா ரிசீவர் வாங்கி, இரண்டையும் ஒன்றுக்கொன்று செங்குத்தாகப் பிரித்து ஒட்டுங்கள்.

வளைகுடாவில் இன்னொரு சிக்கல் ஜி.பி.எஸ். 2025 ஜூனில் ஈரான்–இஸ்ரேல் மோதலின்போது இந்தக் கடற்பகுதியில் கப்பல்களின் ஜி.பி.எஸ். பெரிய அளவில் குழம்பியது. ஜி.பி.எஸ். 1575 மெகாஹெர்ட்ஸில் இயங்குவதால் அதை முடக்கினாலும் ரிமோட்டின் பிடி விடாது. ஆனால் 'வீடு திரும்பு' வசதி வழி தவறலாம். சிக்னல் அறுந்தால் செயல்படும் ஃபெயில்சேஃபில் த்ராட்டில் அணையும்படி வைத்து, புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு, ரிமோட்டை அணைத்துச் சோதியுங்கள்.

அமீரகத்தில் 2022 ஜனவரியில் பொழுதுபோக்கு ட்ரோன்களுக்கு வந்த தடை, 2025 ஜனவரியில் தனிநபர்களுக்குத் தளர்ந்தது. பதிவும் அனுமதிக்கப்பட்ட பகுதியும் இல்லாமல் பெட்டியைத் திறக்காதீர்கள். விதிகள் மாறக்கூடியவை, கிளம்பும் முன் சரிபாருங்கள்.

ஃபோம் விமானக்காரர்களுக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன். டர்பைன் ஜெட் வைத்திருப்பவர்கள் முழு அளவு ஸ்டிக்கும் இரட்டை ரிசீவர் வசதியும் உள்ள பெரிய ரிமோட்டுக்கே போகட்டும்.