கதையை மிஞ்சிய கச்சேரி

சார்லி சாப்ளின், ஹெரால்டு லாயிடு, பஸ்டர் கீட்டன் மூவரும் இந்தப் படத்தில் நடிக்கவில்லை என்ற கார்ட்டூன் அறிவிப்போடு தொடங்குகிறது ‘ஜாலி ஃபெல்லோஸ்’. 1934இல் வெளியான சோவியத் ஜாஸ் நகைச்சுவைப் படம். நடிக்காதவர்களுக்குக்கூட இடம் தந்த டைட்டிலில், திரைக்கதை எழுதிய நிகோலாய் எர்த்மன், விளாதிமிர் மாஸ் இருவரின் பெயரும் இல்லை. கருங்கடல் கரையிலுள்ள காக்ராவில் 1933இல் படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தபோதே அவர்கள் கைதாகி, தொலைதூர ஊர்களுக்கு அனுப்பப்பட்டுவிட்டார்கள். அப்படிப்பட்ட காலத்தில் இப்படியொரு குதூகலமான படம் எப்படி வந்தது என்ற வியப்பு, அதன் குறைகளை எளிதில் மறைத்துவிடும். எனவே நிறை, குறை இரண்டையும் தனித்தனியே பார்ப்பது நல்லது.

இயக்குநர் கிரிகோரி அலெக்சாந்திரோவ், சோவியத் இயக்குநர் ஐசன்ஸ்டைனோடு ஹாலிவுட்டும் மெக்சிகோவும் சென்று திரும்பியவர். நாயகன் லியோனித் உத்யோசோவ் ஒதெஸ்ஸாக்காரர். 1929இல் லெனின்கிராடில் நாடகமும் ஜாஸும் கலந்த இசைக்குழுவைத் தொடங்கியவர். அந்தக் குழுவின் ‘இசைக் கடை’ என்ற மேடை நிகழ்ச்சியிலிருந்துதான் படம் முளைத்தது. படத்தின் பலம், பலவீனம் இரண்டுக்கும் வேர் அங்கேதான்.

கதை சின்னது. கோஸ்த்யா என்ற மாடு மேய்ப்பவனை வெளிநாட்டு இசை நடத்துநர் என்று தவறாக நினைத்து, பணக்காரப் பெண் எலேனா விருந்துக்கு அழைக்கிறாள். குட்டு வெளிப்பட்டதும் விரட்டப்படுகிறான். பின்பு மாஸ்கோவில் ஜாஸ் குழுவோடு சேர்ந்து, கடைசியில் போல்ஷோய் அரங்கம்வரை போகிறான். எலேனா வீட்டு வேலைக்காரி அன்யூதாவாக வந்த லியுபோவ் ஒர்லோவாவை நட்சத்திரமாக்கியது இந்தப் படமே.

இசை முன்னே நடக்க, காட்சி பின்தொடரும் இடங்களில் படம் எங்கோ போய்விடுகிறது. தொடக்கத்தில் கோஸ்த்யா மந்தையை ஓட்டிக்கொண்டு பாடியபடி நடக்கிறான். வழியில் அகப்படும் வேலியும் பானையும் அவன் கைபட்டு வாத்தியமாகின்றன. விளாதிமிர் நில்சனின் கேமரா பொறுமையாக அவன் கூடவே நகர்கிறது. இசையமைப்பாளர் தூனயேவ்ஸ்கியின் மெட்டும் நடையும் ஒரே மூச்சில் ஓடுகின்றன. ஒத்திகையில் மூளும் அடிதடியும் அப்படித்தான். வாத்தியங்களே ஆயுதங்கள், விழும் அடிக்கும் தாளம் உண்டு. முடிவில் மழையில் நனைந்த வாத்தியங்கள் கைவிட, குழுவினர் வாயாலேயே அவற்றின் ஒலியை எழுப்புகிறார்கள். இவற்றில் நகைச்சுவையை இசையிலிருந்து பிரித்தெடுக்கவே முடியாது.

இசை ஓய்ந்ததும் படம் தள்ளாடுகிறது. மந்தை விருந்துக்குள் புகும் காட்சி முதலில் வெடிச்சிரிப்பு; ஆனால் மாடும் பன்றியும் குடித்துக் கூத்தடிப்பது அளவுக்கு மீறி நீள்கிறது. இரண்டாம் பாதி முழுக்கத் தற்செயல்களை நம்பியே நகர்கிறது. புல்லாங்குழல் ஊதியவன் ஜாஸ் குழுவை நடத்தும் அளவுக்கு எப்படி வளர்ந்தான்? அந்தப் பயிற்சியும் தேடலும் திரையில் இல்லை. ஜாஸின் உயிரான மனோதர்மத்துக்கும் இடம் குறைவு. எல்லாரும் சேர்ந்து பாடும் அணிவகுப்புப் பாடலே ஓங்கி நிற்கிறது. குரல் வாய்க்காத எலேனாவைத் திரும்பத் திரும்பக் கேலி செய்வதும் மலிவான உத்தி.

அன்றைய விமர்சகர்கள் பலர் வேறொரு குற்றம் சாட்டினார்கள்: கருத்தே இல்லாத அமெரிக்கக் கோமாளித்தனம் என்று. கார்க்கிக்கும் ஸ்டாலினுக்கும் பிடித்துப்போனதால் படம் தப்பியது. அந்தக் குற்றச்சாட்டை என்னால் ஏற்க முடியவில்லை. அலெக்சாந்திரோவின் அடுத்த படமான ‘சர்க்கஸ்’ (1936) கட்டுக்கோப்பில் இதைவிடத் தேர்ந்தது. ஆனால் அரசின் செய்தியைச் சுமந்து நடப்பதால் அதன் சிரிப்பு கனத்துவிட்டது. இதிலுள்ள பொறுப்பற்ற துள்ளல் அங்கே இல்லை. கருத்து இல்லாதது இந்தப் படத்தின் குறையல்ல. துண்டு துண்டான மேடை நிகழ்ச்சிகளைக் கோக்க வலுவான சரடு இல்லாததுதான் குறை.

கதைக்காகப் பார்ப்பவருக்கு இது சுமாரான படம். பாட்டைப் படமாக்கும் வித்தையைக் கற்க விரும்புபவர்கள், தொடக்க மந்தைக் காட்சியையும் அடிதடியையும் போல்ஷோய் முடிவையும் ஒருமுறையாவது பார்த்தாக வேண்டும்.