வாசல் தெளிக்கும் வேளை

மனச்சோர்வு பிடித்தவர் பலருக்குக் காலைதான் பெரும் பாரம். அந்த வேளையில் வாசல் தெளித்துக் கோலம் போடும் வழக்கத்தை நான் மிகவும் மதிக்கிறேன். மனசு சரியாகட்டும் என்று அது காத்திருப்பதில்லை. வாளி நிரம்புகிறது, இடுப்பு வளைகிறது. ஈரத்தரையில் புள்ளி வைத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மாவை நழுவவிட்டுச் சிக்குக்கோலம் இழுக்கும்போது, அடுத்த புள்ளியைச் சுற்றுவது தவிர வேறு யோசனைக்கு இடமில்லை. பிறகு அப்படியே தெருமுனை தாண்டி ஒரு வேகநடை. மனச்சோர்வுள்ள, 50 வயது கடந்த 156 பேரை வைத்து அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தார் செய்த ஆய்வு 1999இல் வெளியானது. வாரம் 3 நாள் உடற்பயிற்சி, 16 வாரங்களின் முடிவில் மாத்திரைக்கு ஈடான பலன் தந்திருந்தது. (அதற்காக மருத்துவர் கொடுத்த மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது.) முடியாத நாளில் நாலு புள்ளிக் கோலம் போதும், வெறும் தண்ணீர் தெளித்தாலும் கணக்கில் சேரும்.