பொதுப்பாற் சொல்லும் பெண்ணுரிமையும்

உரிமை கூறும் ஆவணமொன்றில் ஒரு சொல் யாரை உளப்படுத்துகிறது, யாரை விலக்குகிறது என்பது வெறும் நடைச் சிக்கல் அன்று. 1948 டிசம்பர் 10ஆம் நாள் ஐக்கிய நாடுகள் பொதுப்பேரவை பாரிசில் ஏற்ற உலகளாவிய மனித உரிமைப் பிரகடனம் இதற்குத் தக்க சான்றாகும்.

பிரகடனத்தின் முதற்பிரிவு வரைவில் 'ஆடவர்', 'மாந்தர்' என இருபொருள்படும் 'மென்' என்னும் ஆங்கிலச் சொல் இடம்பெற்றிருந்தது. அது பெண்களையும் உளப்படுத்தும் என மனித உரிமை ஆணையத் தலைவர் எலினார் ரூஸ்வெல்ட் கருதினார். பெண்களை விலக்கவும் அது இடந்தரும் என்பது இந்தியப் பிரதிநிதி ஹன்சா மேத்தாவின் வாதம். முடிவில் 'மனிதப் பிறவியர் அனைவரும்' எனப் பொருள்படும் தொடரே நிலைபெற்றது.

மேத்தாவின் ஐயத்திற்கு இந்திய நீதிமன்ற வரலாற்றிலேயே அடிப்படை உண்டு. ஆண்பாற் சொல் பெண்பாலையும் குறிக்கும் என்பது 1897ஆம் ஆண்டுப் பொது வாசகங்கள் சட்டத்தின் 13ஆம் பிரிவு. ஆயினும், வழக்குரைஞராக விழைந்த ரெஜினா குகாவுக்கு 1916இல் கல்கத்தா உயர்நீதிமன்றம் அவ்விதியின் பயனை அளிக்கவில்லை. தடையை நீக்க 1923இல் தனிச்சட்டம் வேண்டியிருந்தது. இலக்கண விதி பொதுவாயினும் அதற்குப் பொருள் கொள்வோரின் உலகியல் வழக்கே வென்றது எனலாம்.

பிரகடனத்தின் ஆங்கில வடிவமும் நிறைவுடையதன்று. ஊதியம் பற்றிய 23ஆம் பிரிவிலும் வாழ்க்கைத்தரம் பற்றிய 25ஆம் பிரிவிலும் ஆண்பாற் சுட்டு எஞ்சியுள்ளது. உழைத்துக் குடும்பம் பேணுபவர் ஆடவரே என்னும் கருத்து அதன்வழி நுழைகிறது.

இவ்விடத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளருக்கு வாய்ப்பு மிகுதி. 'ஒருவர்' என்னும் பெயர் இருபாலுக்கும் உரியது என்றும் அது பன்மை முடிபு கொள்ளும் என்றும் தொல்காப்பியப் பெயரியல் விதிக்கிறது. 'தான்', 'தம்' என்பனவும் பால் காட்டா. எனவே 'அவன்' என்று பெயர்க்க வேண்டிய கட்டாயம் தமிழில் இல்லை. 'ஒருவர் தம் குடும்பம்' என்பது மூலத்தின் கருத்தைச் சிதைக்காது. முதற்பிரிவில் ஏற்கப்பட்ட நெறியையே ஏனைய பிரிவுகளுக்கும் விரிக்கிறது.

இலக்கணம் இடந்தந்தாலும் சொற்றொகுதி இடந்தராத நிலையும் உண்டு. 'குடிமகன்', 'சகோதரத்துவம்' போன்றவை விகுதியாலோ அடிச்சொல்லாலோ ஆண்பாலை உட்கொண்டவை. 'குடிமக்கள்', 'உடன்பிறப்புணர்வு' என்பன வழக்கிலுள்ள அல்லது எளிதில் ஆக்கத்தக்க மாற்றுகள்.

எனினும், எங்கும் பொதுச்சொல்லே தகும் எனக் கொள்வதும் பிழையாகும். பிரகடனத்தின் முகப்புரை ஆண்கள், பெண்கள் ஆகியோரின் சமவுரிமையைப் பெயர் சுட்டியே கூறுகிறது. டொமினிக்கன் குடியரசின் மினர்வா பெர்னார்டினோ இதற்காக வாதிட்டவர். திருமணம் பற்றிய 16ஆம் பிரிவும் இருபாலரையும் தனித்தனியே சுட்டுகிறது. பெண்ணுக்கு உரிமை மறுக்கப்பட்டு வந்த களங்கள் இவை. இங்கு 'அனைவர்' எனப் பெயர்த்தால், சுட்டிக் கூறுவதற்காக நடந்த போராட்டமே மறைந்துபோகும்.

ஆகவே, பொதுவாக்குதல், பெயர் சுட்டல் என்னும் இரண்டும் பெண்ணுரிமைப் போராட்டம் கையாண்ட வேறுவேறு உத்திகள். மூலத்தின் ஒவ்வொரு பிரிவும் இவற்றுள் எதனை வேண்டுகிறது எனத் தெளிந்த பின்னரே சட்ட மொழிபெயர்ப்பாளர் சொல்லைத் தெரிதல் வேண்டும்.